மழைக்காலக் காய்ச்சல்: புள்ளைக்கு சிரப் எத்தனை மில்லி, எப்ப ஆஸ்பத்திரி?

மேலூர் தன்னார்வலர்:
எல்லாருக்கும் வணக்கம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வேலைக்கு வீடு வீடாப் போறவங்களுக்கு உதவுற மாதிரி தெளிவான பதில் வேணும். ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் தெருவுக்கு நாலு வீட்ல காய்ச்சல், சளி. நாங்க கொண்டு போறது சுகர், பிரஷர் மாத்திரை. வாசல்ல கால் வச்சதும் கேக்குறது காய்ச்சலைப் பத்தித்தான். திரும்பத் திரும்ப வர்ற கேள்வி மூணு. பாராசிட்டமால் சிரப் ஒரு பாட்டில்ல 120-னும் இன்னொண்ணுல 250-னும் போட்டிருக்கு, புள்ளைக்கு எத்தனை மில்லி? சளிக் காய்ச்சலா, டெங்குவா, எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? சுகர், பிரஷர் உள்ள பெரியவங்க மெடிக்கல்ல வாங்குற சளி மாத்திரையைப் போடலாமா?

அனுப்பானடி மருந்தாளுநர்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். தப்பு அதிகமா நடக்கிற இடம் அதுதான்.

பாட்டில்ல 120-னு இருந்தா, 5 மில்லியில 120 மி.கி. மருந்து இருக்குனு அர்த்தம். 250-னா அதே 5 மில்லியில 250 மி.கி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இன்னும் காட்டம், ஒரே மில்லியில 100 மி.கி. இருக்கும். பேரு மூணுலயும் ஒண்ணுதான். அதனால பேரைப் பாக்காதீங்க, லேபிள்ல பொடி எழுத்துல இருக்கிற அந்த "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" வரியைத் தேடிப் படிங்க.

ஒரு வேளைக்கு, புள்ளை எடையில கிலோவுக்கு 15 மி.கி. 12 கிலோ புள்ளைன்னா 180 மி.கி. அது 120 சிரப்ல ஏழரை மில்லி, 250 சிரப்ல மூணரை மில்லி, சொட்டு மருந்துல 1.8 மில்லி. இப்ப தப்பு எப்படி வருதுனு பாருங்க. போன தடவை 120 பாட்டில்ல ஏழரை மில்லி கொடுத்துப் பழகின அம்மா, இந்தத் தடவை 250 பாட்டில்லயும் அதே ஏழரையை ஊத்துறாங்க. ஒரே வேளையில 375 மி.கி. போயிருது, கொடுக்க வேண்டியதைப் போல ரெண்டு மடங்கு. நாலு வேளை, மூணு நாள் இப்படியே போனா ஈரல் கெட்டுப்போற அளவு அது. புள்ளை சோர்ந்து வாந்தி எடுக்கும், காய்ச்சல்தான் முத்திருச்சுனு நினைச்சு இன்னொரு மூடி ஊத்துவாங்க.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். சமையக்கட்டு ஸ்பூன் ஒண்ணு 3 மில்லி பிடிக்கும், இன்னொண்ணு 7 பிடிக்கும், அதை நம்பவே கூடாது. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கடையில கேட்டு வாங்குங்க. கன்னத்து ஓரமா மெதுவா விட்டா புரையேறாது. கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாள்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க. அம்மா கொடுத்தது தெரியாம அப்பத்தா மறுபடி கொடுக்கிற வீடு நிறைய இருக்கு. மூணு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே சிரப் கணக்கு பாக்காம நேரா ஆஸ்பத்திரி.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
அண்ணன் சொன்ன அளவு சரி. நான் மூச்சைப் பத்திச் சொல்றேன். 103 அடிச்சாலும் மருந்து கொடுத்ததும் எந்திரிச்சு விளையாடுற புள்ளையை வீட்லயே வச்சுப் பாக்கலாம். 100 தான் இருக்கு, ஆனா மூச்சு இளைக்குதுன்னா ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

எண்ணுறது இப்படித்தான். புள்ளை அழாம மடியில கிடக்கணும், தூங்கினா இன்னும் நல்லது. சட்டையைத் தூக்கிட்டு வயித்தையும் நெஞ்சையும் பாருங்க. ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முழுசா 60 விநாடி எண்ணணும், 15 விநாடி எண்ணி நாலால பெருக்கக் கூடாது. சின்னப் புள்ளைங்க மூச்சு சீரா இருக்காது, கொஞ்சம் வேகமா ஓடி அப்புறம் நிதானிக்கும். 2 மாசத்துக்குள்ள 60-ம் அதுக்கு மேலயும், 2 மாசம் முதல் ஒரு வயசுக்குள்ள 50-ம் மேலயும், 1 முதல் 5 வயசு வரை 40-ம் மேலயும் வந்தா அது வேக மூச்சு. காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் ஏத்தும், அதனால சூடு இறங்கினப்புறம் இன்னொரு தடவை எண்ணுங்க. அப்பவும் குறையலைன்னா நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர் பாக்கணும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ நெஞ்சு உள்ள குழியுதா, பால் குடிக்க முடியலையா, உதடு நீலமாகுதா, எழுப்பினா முழிக்கலையா, எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

இருமல் டானிக் நாலு வயசுக்குள்ள வேண்டவே வேண்டாம். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குள்ள கொடுக்கக் கூடாதுனு 2023 டிசம்பர்லயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிருச்சு. 2025-ல டைஎத்திலீன் கிளைகால்ங்கிற விஷ வேதிப்பொருள் கலந்த இருமல் டானிக் குடிச்சு மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனாங்க. அந்த டானிக் தயாரானது நம்ம தமிழ்நாட்டுலதான். மனசு ஆறவே இல்லை. ஒரு வயசு தாண்டின புள்ளைக்கு ராத்திரி படுக்கும் முன்னாடி அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல தடவக்கூடக் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணி சொட்டு, பால் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு சொட்டு.

வேது பிடிக்கிறதைப் பத்தியும் சொல்லணும். நொச்சி இலை போட்டுப் பெரியவங்க பிடிச்சா மூக்குக்கு இதமா இருக்கும், வைரஸை அது ஒண்ணும் பண்ணாது. புள்ளையைப் போர்வைக்குள்ள உக்கார வச்சுக் கொதிக்கிற பாத்திரத்தை முன்னாடி வைக்காதீங்க. திமிறி ஒரு உதை விட்டா தொடையெல்லாம் வெந்துபோகும். பச்சைப் புள்ளை நெஞ்சுல கற்பூரம் கலந்த தைலமும் தேய்க்க வேண்டாம், வலிப்பு வரலாம்.

பொது மருத்துவர், மதுரை:
இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன்.

ஃப்ளூ, அதாவது வைரஸால் வரும் சளிக் காய்ச்சல், திடீரென்று பிடிக்கும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் படுத்துவிடுவார். காய்ச்சலோடு வறட்டு இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல் இருக்கும். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் விடும், இருமல் இரண்டு வாரம் வரை இழுக்கும். டெங்குவில் பெரும்பாலும் சளி இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் சிவப்பு தெரியும். ஆனால் முதல் இரண்டு நாளில் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே சுற்றும். ஆகவே எந்தக் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் ஆசிட், ஆஸ்பிரின், 'ஒரு ஊசி' என்று போடும் டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். சளி இல்லாத காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனை. முதல் 5 நாளுக்குள் என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை), அதன் பிறகு ஐஜிஎம் (உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை).

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விடும் நாளில்தான் வருகிறது. 'விட்டுவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாகும் நேரத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

பிரஷர் உள்ளவர்களுக்கு ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை ஆகாது, இரத்த அழுத்தத்தை ஏற்றும். அந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் 500 மி.கி. இருக்கிறது. அது தெரியாமல் தனியாக 650 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையும் போட்டால் ஒரே வேளையில் 1,150 மி.கி. ஆகிவிடும். சுகர்காரர்கள் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் சர்க்கரை ஏறும். தினமும் சோதித்து டாக்டரிடம் அளவு கேட்க வேண்டும்.

அறுபத்தைந்து தாண்டியவர், சுகர், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு ஃப்ளூ போல் தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஒசெல்டாமிவிர் அதற்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மி.கி., இரண்டு வேளை, ஐந்து நாள், மருத்துவர் சீட்டோடு மட்டும். மூன்று நாள் போடும் அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக், வைரஸைத் தொடாது. நான்காம் நாள் காய்ச்சல் தானாக விடுவதை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஃப்ளூ தடுப்பூசியை வருடம் ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. பலன் வர இரண்டு வாரம் ஆகும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

மேலூர் தன்னார்வலர்:
ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம். எடை மெஷின் இல்லாத வீட்ல கிலோ கணக்கு எப்படி?

குழந்தைகள் வார்டு செவிலியர்:
அங்கன்வாடியில மாசாமாசம் எடை போட்டு அட்டையில எழுதுவாங்க, கடைசி எடையைப் பாருங்கக்கா. அட்டை இல்லைன்னா அம்மா புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏறி நிக்கட்டும், அப்புறம் தனியா நிக்கட்டும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் புள்ளை எடை. ரேஷன் கடைத் தராசுல கேட்டாக்கூடப் போட்டுத் தருவாங்க. எடையையும் மில்லியையும் மார்க்கர் பேனாவால பாட்டில் மேலேயே எழுதிருங்க. காலியானதும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுறணும், அடுத்த பாட்டிலுக்கு லேபிளைப் படிச்சுப் புதுசா எழுதணும்.