முகத்துவாரத்தில் மணல் தட்டிய அனுபவம் இருக்கிறதா? எழுதுங்கள்

உப்பங்கழி:
பழவேற்காடு ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் கோடையில் மணல் ஏறி என்ன கதிக்கு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் ஃபைபர் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் போன அதே வழியில்தான் மாமா படகை விட்டார். திடீரென்று இன்ஜின் சத்தம் மாறியது. விசிறி மணலை அறுக்கும் அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டால் மறக்காது. படகு நின்றுவிட்டது, பின்னால் அலை வருகிறது. "குதிங்கடா, குறுக்க திரும்பாம புடிங்க" என்று மாமா கத்தினார். கழுத்தளவு இருக்கும் என்று நினைத்துக் குதித்தேன். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. கால் மடங்கி விழுந்தவன் தலைக்கு மேல் படகின் விளிம்பு வந்து போனது.

தப்பித்துவிட்டோம். ஆனால் வெளிச்சம் வந்தபின் பார்த்தால், நல்ல ஆழமான வழி எங்களுக்கு வடக்கே கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மணல் ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்து வழியை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. ஒரு கழி நட்டு அதில் ஒரு விளக்கு கட்டியிருந்தால் போதும். அது யாருடைய வேலை என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

குமரிக்கரை:
எங்கள் பக்கம் தேங்காய்ப்பட்டணம். துறைமுகம் இருக்கிறது, அலைதடுப்புச் சுவர் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. மணல் வந்து வாயிலில் படுத்திருக்கிறது.

ஆனி மாத அலை. வாயிலுக்கு வெளியே எங்கள் வள்ளம் காத்து நின்றது. பெரிய அலைகள் போனதும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், அதற்குள் முழு வேகத்தில் உள்ளே நுழைந்துவிட வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு வள்ளம் புறப்பட்டது. வெளியே சாதாரணமாக வந்த அலை, மணல் ஏறிய இடத்துக்கு வந்ததும் சுவர் மாதிரி எழும்பியது. வள்ளம் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடிப்பக்கத்துப் பச்சைப் பெயிண்டும், அதில் சுரண்டாமல் விட்டிருந்த சிப்பியும்கூட எனக்குத் தெரிந்தது. அதற்குள் இருந்த ஒருவர் ஐஸ்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அந்த முகம்தான் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. வள்ளம் கவிழாமல் விழுந்தது, உள்ளே போய்விட்டது. அடுத்து எங்கள் முறை.

அதே வாயிலில் வள்ளம் கவிழ்ந்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அதனால் உப்பங்கழி, விளக்கு இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அடியில் ஆழம் இல்லாவிட்டால் விளக்கு என்ன செய்யும்?

மணல்கணக்கு:
தூர்வாரும் பணிகளில் மேற்பார்வை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். ஒரு முகத்துவாரத்தில் பொக்லைன் வைத்து அள்ளிய மணலை, லாரிச் செலவு மிச்சம் என்று தென்கரையிலேயே குவித்தார்கள். பங்குனி மாதம். நான் பார்க்கப் பார்க்க அந்தக் குவியலின் அடியை அலை கரைத்து, தோண்டிய பள்ளத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒப்பந்தக்காரர் அளவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனு கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். நம் கிழக்குக் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தெற்கு நோக்கித் தள்ளும். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆகவே அள்ளிய மணல் முகத்துவாரத்துக்கு வடக்கேதான் போக வேண்டும், அதுவும் சற்றுத் தள்ளி. தெற்கே கொட்டினால் உங்கள் வரிப்பணம் ஒரே பருவத்தில் திரும்பி வந்துவிடும். அப்புறம் நேரம். மழை வெள்ளம் எப்படியும் திறக்கப்போகிற முகத்துவாரத்தை ஐப்பசிக்கு முன்னால் அவசரமாகத் தோண்டுவதில் படகுக்காரருக்குப் பெரிய லாபமில்லை. வெள்ளம் வடிந்ததும், தை மாசியிலேயே வழியைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். அடைத்தபின் தோண்டுவதைவிட, திறந்திருப்பதைக் காப்பாற்றச் செலவு குறைவு. இன்னொன்று, ஏரியே தூர்ந்துபோனால் முகத்துவாரம் நிற்காது. நம் கரையில் கடல் நீர் ஏறும் ஏற்றத்துக்கும் இறங்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான். ஏரி அகலமாக, ஆழமாக இருந்தால்தான் வற்று நேரத்தில் வெளியேறும் தண்ணீருக்கு மணலைத் தள்ளும் வலு இருக்கும். இதையெல்லாம் செய்து, முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் நீளும் நேர்கல் சுவரும் கட்டினால்தான் நிரந்தரத் தீர்வு.

வடகரை:
மணல்கணக்கு ஐயா, மற்றதெல்லாம் சரி. கடைசி வரியில்தான் எங்களைக் கொன்றுவிட்டீர்கள்.

சுவருக்கு வடக்கே இருக்கிறவனிடம் யாராவது கேட்டீர்களா? 1876-ல் சென்னைத் துறைமுகச் சுவரைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது, வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் தெற்கே சுவர் வந்தபின் கரைவலை இழுக்க இடமில்லை. ஒருநாள் காலையில் போனால், வலை உலர்த்தும் கல்மேடை பாதி உடைந்து தண்ணீரில் கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவர் மிச்சப் பாதியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் பேசப் போனேன். "இன்னும் இடம் இருக்கில்லப்பா" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகு எங்களுக்கும் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, போட்டார்கள். இப்போது எங்களுக்கு வடக்கே உள்ள ஊர் கேட்கிறது.

சுவர் கட்டினால், தெற்கே தேங்கும் மணலை வருஷாவருஷம் எடுத்து வடக்கே கொடுப்பதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். அது இல்லாமல் கட்டுவது நிரந்தரத் தீர்வு இல்லை, பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடும் வேலை.

சவுக்குக்கட்டை:
கடலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், கால்வாயைச் சொல்லுங்கள். தாத்தா பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிப் படகு தள்ளியவர். ஆந்திராவிலிருந்து மரக்காணம் பக்கம் வரை ஓடிய கால்வாய் அது. அவரைச் சென்னையில் பறக்கும் ரயில் நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கீழே கால்வாய்க்குள்ளேயே நிற்கும் தூண்களைப் பார்த்தார். "படகு எந்தப் பக்கம் போகும்?" என்று என்னைக் கேட்டார். சாக்கடைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில் எந்தப் பக்கத்தைக் காட்டுவது? இதுவும் சேர்ந்ததுதான் படகுப் போக்குவரத்துக்கென்று 2008-ல் அறிவித்த தேசிய நீர்வழி 4.

மணல்கணக்கு:
வடகரை சொன்னது நியாயம். சுவரோடு சேர்த்து மணலை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் எழுதியிருக்க வேண்டும். ஆனால் சுவரே வேண்டாம் என்றால் குமரிக்கரை சொன்ன மாதிரி அலை உடையும் வாயிலில் உயிர்கள் போய்க்கொண்டே இருக்கும்.

குமரிக்கரை:
எங்களுக்குச் சுவர் ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் எழுதினேன் ஐயா. சுவர் இருந்தும்தான் வள்ளம் கவிழ்கிறது. சுவரை எந்தத் திசையில், எவ்வளவு நீளம் கட்டுவது என்று தீர்மானிக்கும்போது, அந்த வாயிலில் தினமும் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உப்பங்கழி:
குமரிக்கரை, உங்கள் அலைக்கு விளக்கு போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழவேற்காட்டில் இயந்திரம் வைத்துத் தோண்டக் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி வேண்டும், பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதியும் வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை படகு நிற்காதே.

இப்போது நாங்களே செய்வது இது. வற்று நேரத்தில் இரண்டு பேர் சின்னப் படகில் போய், கழி ஊன்றி ஆழம் பார்க்கிறார்கள். வழி நகர்ந்திருந்தால் மூங்கிலைப் பிடுங்கிப் புது இடத்தில் நடுகிறார்கள். தென்பக்க மூங்கிலில் சிவப்புத் துணி, வடபக்கத்தில் வெள்ளை, ராத்திரிக்கு பேட்டரி விளக்கு. எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் என்று ஏலம் போடும் இடத்தில் சாக்பீஸால் எழுதிவைக்கிறோம். டீசலுக்கு ஊர்ப் பணம். அலை மூங்கிலை அடிக்கடி சாய்த்துவிடுகிறது, அதுதான் பெரிய தொல்லை. அடியில் சிமெண்ட் கட்டை கட்டி மிதவை விட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு எடை கட்டினீர்கள், கயிறு எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதுங்கள்.