பெர்ல் சிஜிஐ: முனையத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் உலாவியில் மட்டும் 500 பிழை தருகிறது

கேள்வி: புதுப்படிவம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் உறுப்பினர் சேர்க்கைப் படிவம், பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நண்பர் பெர்ல் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த சிஜிஐ ஸ்கிரிப்ட்டை, அதாவது உலாவி கேட்கும்போது சர்வர் ஓட்டிப் பக்கம் தரும் சிறு நிரலை, கொண்டே இதுவரை ஓடிக்கொண்டிருந்தது. பழைய கணினி பழுதாகிவிட்டதால், உபுண்டு நிறுவிய வேறொரு கணினிக்கு அதை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் பெர்ல் படிக்கத் தொடங்கி மூன்று வாரங்கள்தான் ஆகின்றன. கேள்விகள் மிக எளியவையாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, ஸ்கிரிப்ட்டை வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் நோட்பேடில் புதிய கோப்பாக ஒட்டித் திருத்தி, பென் டிரைவில் கொண்டுவந்து சிஜிஐ-பின் கோப்புறையில் வைத்து, ஓட்டுவதற்கான 755 அனுமதியும் கொடுத்துவிட்டேன். முனையத்தில் பெர்ல் என்று தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் எச்டிஎம்எல் முழுவதும் ஒழுங்காக வருகிறது. உலாவியில் திறந்தால் 500 என்ற சர்வர் பிழை. அப்பாச்சி வலைச் சர்வரின் பிழைப்பதிவைப் பார்த்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. கோப்போ என் கண்ணெதிரே இருக்கிறது.

இரண்டாவது, படிவத்தில் வரும் தரவைப் பிரிக்கும் நிரலை நண்பர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். புத்தகத்தில் சிஜிஐ என்ற மாட்யூலை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதைச் சேர்த்துப் பார்த்தால் மாட்யூலைக் காணவில்லை என்று பெர்ல் நின்றுவிடுகிறது. பெர்லுடனேயே வருவது என்றல்லவா புத்தகத்தில் இருக்கிறது?

மூன்றாவது, பழைய கணினியின் கடைசி நாட்களில் பெயர்களைத் தமிழில் பதியத் தொடங்கினோம். 'மீனா' சரியாக வந்தது. 'கந்தசாமி' என்ற பெயரோ 'கந்தசா' என்று நின்று, கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் ஒட்டிக்கொண்டது. எழுத்துரு சரியில்லையா?

பதில் 1: முனையவாசி

500 பிழை வந்ததும் உலாவியிலேயே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்காமல் பிழைப்பதிவைத் திறந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. காணவில்லை என்று அப்பாச்சி சொல்வது உங்கள் ஸ்கிரிப்ட்டை அன்று. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் #! குறிகளுக்குப் பிறகு இருக்கும் பெர்லின் முகவரியைத்தான்.

விண்டோஸில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் இருக்கும், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் ஒன்றுதான். அந்த அதிகப்படியான குறியையும் சேர்த்துப் படிக்கும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), 'பெர்ல்' என்பதன் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தையும் ஒட்டிக்கொண்ட பெயரில் ஒரு நிரலைத் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லைதானே? நீங்கள் முனையத்தில் பெர்லை நேரடியாக அழைத்துக் கோப்பைக் கொடுத்ததால் அந்த முகவரிக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. பெர்லும் அந்தக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. கோப்பு இருக்கும் இடத்துக்கே சென்று, புள்ளியும் சாய்கோடும் இட்டு அதன் பெயரை மட்டும் தட்டி ஓட்டிப் பாருங்கள், இதே பிழை முனையத்திலும் வரும். கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை -ஏ (பெரிய எழுத்து) விருப்பத்தோடு கொடுத்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் டாலர் குறிக்கு முன்னால் ^ குறியும் எம் என்ற ஆங்கில எழுத்தும் நிற்பதைக் காணலாம். டாஸ்டுயூனிக்ஸ் என்ற சிறு கருவியை நிறுவி ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். (இதே பிழையில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன், இத்தனைக்கும் அப்போது எனக்குப் பெர்ல் நன்றாகவே தெரியும்.)

அதன் பிறகும் 500 வந்தால் தலைப்பு வரியைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் முதலில் அச்சிட வேண்டியது கன்டென்ட்-டைப் வரி. அதையடுத்து ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும். சோதனைக்காக நடுவில் போட்ட ஒரு ப்ரிண்ட் அதற்கு முன்னால் ஓடிவிட்டாலும் சர்வர் குழம்பிவிடும். தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் இரண்டையும் மேலே சேர்த்துவிட்டு, திருத்தும்போதெல்லாம் பெர்லை -சி (சிறிய எழுத்து) விருப்பத்தோடு ஓட்டி இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: அடைப்புக்குறி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் புத்தகம் பழையது, அவ்வளவுதான். லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ மாட்யூல், 1997-இல் வந்த 5.004 பதிப்பிலிருந்து பெர்லுடனேயே கிடைத்தது. 2015-இல் வந்த 5.22 பதிப்பில் அதை மூலத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். உபுண்டுவில் லிப்சிஜிஐ-பிஎம்-பெர்ல் என்ற பெயரில் தனிப் பொதியாக இருக்கிறது, நிறுவிக்கொள்ளலாம்.

கையால் பிரிக்கும் நிரலை அப்படியே விட்டுவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. உலாவி இடைவெளியைக் கூட்டல் குறியாகவும், உண்மையான கூட்டல் குறியை விழுக்காட்டுக் குறியோடு கூடிய ஓர் எண்ணாகவும் மாற்றி அனுப்புகிறது. முதலில் கூட்டல் குறிகளை இடைவெளியாக்கிவிட்டுத்தான் விழுக்காட்டுக் குறிகளை அவிழ்க்க வேண்டும். வரிசை மாறினால் +91 என்று தொடங்கும் தொலைபேசி எண் கூட்டல் குறியை இழந்துவிடும். இப்படிக் கையால் எழுதி நான் பார்த்த நிரல்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகத்தான் இருந்தது.

மாட்யூலிலும் ஒரு கண்ணி உண்டு. படிவத்தின் மதிப்பை வாங்கித்தரும் பாரம் என்ற அழைப்பை, சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் ஹாஷ் ஒன்றின் அடைப்புக்குள் நேரடியாக எழுதிவிடாதீர்கள். அங்கே அது பட்டியலாக விரியும். ஒருவர் ஒரே பெயரில் மூன்று மதிப்புகளை அனுப்பினால், மிகுதியான இரண்டும் ஹாஷில் நீங்கள் எண்ணியிராத சாவியாகவும் மதிப்பாகவும் போய் உட்காரும். 2014-இல் பக்ஸில்லா என்ற பிழைக் கண்காணிப்பு மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒவ்வொரு மதிப்பையும் முதலில் ஒற்றை மதிப்பு மட்டும் கொள்ளும் தனி ஸ்கேலார் மாறியில் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

புதிதாக ஒரு தளம் எழுதுவதாக இருந்தால் மோஜோலிசியஸ் என்ற பெர்ல் வலைச் சட்டகத்தின் பக்கம் போகச் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு படிவத்துக்கு அது வேண்டியதில்லை.

பதில் 3: மெய்யெழுத்து

எழுத்துருவின் மீது குற்றமில்லை. உங்கள் ஸ்கிரிப்ட்டில் பெயரை 20-இல் வெட்டும் சப்ஸ்டர் வரி ஒன்று இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு 20 எழுத்து என்பது தாராளமாகவே இருந்திருக்கும். தமிழிலோ, எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. 'கந்தசாமி' என்பதில் க, ந, புள்ளி, த, ச, துணைக்கால், ம, இகரக் குறி என்று எட்டுக் குறியீடுகள், அதாவது 24 பைட்டுகள். இருபதாவது பைட்டில் வெட்டினால் 'கந்தசா' வரை 18 பைட்டுகள் போக, மகரத்தின் இரண்டு பைட்டுகள் மட்டும் அநாதையாக நிற்கும். அந்தக் கேள்விக்குறிக் கட்டம் அவைதாம். 'மீனா' 12 பைட்டுகளில் முடிந்துவிடுவதால் தப்பித்தாள்.

படிவத்திலிருந்து வரும் மதிப்பை என்கோட் மாட்யூலின் டீகோட் கொண்டு எழுத்துகளாக மாற்றி வாங்குங்கள். வெளியீட்டுக்கு பின்மோட் வழியாக யூடிஎஃப்-8 அடுக்கைப் பூட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். உள்ளே வரும்போது மாற்றாமல் வெளியே மட்டும் பூட்டினால், ஒவ்வொரு குறியீடும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறும். வெளியே பூட்டாவிட்டால் 'வைட் கேரக்டர்' என்ற எச்சரிக்கை பிழைப்பதிவை நிரப்பும். கன்டென்ட்-டைப் வரியிலும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறக்க வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகும் சப்ஸ்டர் நம் எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டைத்தான் எண்ணுகிறது. 'தமிழ்' என்பது அதற்கு ஐந்து, நமக்கு மூன்று. வெட்டு புள்ளிக்கு முன்னால் விழுந்தால் 'ழ்' என்பது 'ழ' ஆகிவிடும். தேடல் கோவையில் (ரெஜெக்ஸ்) பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்த்து எழுதினால் பெர்ல் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்க்கும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதைக் கொண்டு வெட்டுங்கள். ஒருவருடைய பெயரை எதற்காக வெட்ட வேண்டும் என்பது வேறு கேள்வி.

புதுப்படிவம்

மூவருக்கும் நன்றி. ^ குறிகளைக் கண்ணால் பார்த்துவிட்டேன். டாஸ்டுயூனிக்ஸ் ஓட்டியதும் பக்கம் திறந்தது. வெட்டும் வரியையே நீக்கிவிட்டேன். கந்தசாமி முழுப்பெயரோடு வருகிறார். இப்போது பெயர்களைச் சேமிக்கும் கோப்பில் எழுத அனுமதி இல்லை என்று வருகிறது. என் கணக்கிலிருந்து ஓட்டினால் எழுதுகிறது. எல்லாவற்றுக்கும், எவரும் எழுதக்கூடிய 777 அனுமதியைக் கொடுத்துவிடலாமா?

பதில் 4: முனையவாசி

வேண்டாம். உலாவி வழியாக ஓடும்போது ஸ்கிரிப்ட் உங்கள் கணக்கில் ஓடுவதில்லை. உபுண்டுவில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடுகிறது. இணையத்துக்குத் திறந்த கோப்புறைகளுக்கு வெளியே தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் அந்தப் பயனருக்கு உரிமையாக்கி, தரவுக் கோப்பை அங்கே மாற்றுங்கள். ஸ்கிரிப்ட்டில் கோப்பின் முழு முகவரியையும் கொடுங்கள். இருவர் ஒரே நொடியில் படிவத்தை அனுப்பினால் வரிகள் கலந்துவிடாமல் இருக்க, எழுதுவதற்கு முன் எஃப்லாக் போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள்.