முகாமுக்குப் போன இடத்தில் சந்தித்தவர்கள்: நீலகிரி, பழனி மலை மாணவர் அனுபவங்கள்

குன்னூர், வணிகவியல் முன்னாள் மாணவி:

நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இதெல்லாம் என்.எஸ்.எஸ். டைரியிலேயே இருக்கும். அந்த முகாமில் யாரைச் சந்தித்தீர்கள், அவர் உங்களிடம் என்ன கேட்டார் என்பது எந்த டைரியிலும் இருக்காது. அதை இங்கே எழுதுங்கள். முதலில் நான்.

எங்கள் முகாம் கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் நடந்தது. அங்கே பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீக்கும் தனியார் எஸ்டேட்டுகளுக்கும் கொழுந்து பறிக்க வந்துசேர்ந்தார்கள்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பது எங்கள் குழுவின் வேலை. கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனோம். லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "உனக்கு வேண்டியத எழுதிக்கிட்டியா பிள்ள? இப்ப எனக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்று உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார்.

பைக்குள் அவர் வாழ்க்கை முழுக்கக் காகிதமாக இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். ரேஷன் கார்டில் அதே பெயர், கடைசி எழுத்து இல்லை. ஆதாரில் வயது ஏறக்குறைய பத்து வருஷம் குறைவு. இடுப்பு வலியால் கொழுந்து பறிப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். காகிதக் கணக்கில் இன்னும் அறுபது ஆகவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு அறுபது ஆகியிருக்க வேண்டும்.

ஏன் இத்தனை நாள் திருத்தவில்லை என்று கேட்டோம். தாலுகா ஆபீசுக்குப் போய்வர ஒரு நாள். கூட்டிப்போகும் மகனுக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. போன இடத்தில் "இந்தக் காகிதம் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு நாள் சம்பளமும் போகும். மலையில் அரசுத் திட்டம் ஒன்று வீட்டுக்கு வந்துசேராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. பிள்ளைகள் மனு எழுதித் தருகிறார்களாம் என்று பையும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் திட்ட அலுவலர் மறுநாள் நிகழ்ச்சி நிரலையே மாற்றினார். பாதிப் பேர் மரக்கன்று நட, பாதிப் பேர் மனு எழுத. அந்த முடிவுக்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

முகாம் முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் மாறி மாறிப் போனோம். வி.ஏ.ஓ.வைப் பார்ப்பது, இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது, திரும்பி வந்த மனுவை மறுபடி எழுதுவது. பாட்டிக்கு உதவித்தொகை வரும்போது நான் இறுதி ஆண்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் போனிலிருந்து கூப்பிட்டு, "பிள்ள, பணம் விழுந்துருச்சு" என்றார். 2023இல் அந்தத் தொகை மாதம் 1,200 ரூபாய் ஆனது. அவர் மாத்திரைச் செலவுக்கு யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை.

மலைக்கு மாணவர்கள் கொடுக்கக்கூடியதில் உடல் உழைப்பைவிடப் பெரியது எழுதத் தெரிந்த கை, அதைவிடப் பெரியது மறுபடியும் வந்து நிற்பது என்று உறுதியாக நம்புகிறேன்.

கூடலூர், தாவரவியல் இரண்டாம் ஆண்டு:

எங்களுக்கு வேலை கற்றுத்தந்தவரைப் பற்றி எழுதுகிறேன். முதுமலைப் பக்கம் மஞ்சக்கொன்றை அகற்றும் பணிக்குப் போயிருந்தோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மரம். அதன் அடியில் புல் சரியாக வளராது, மானுக்கும் யானைக்கும் தீனி குறையும். ஆளுக்கு ஓர் அரிவாளோடு போய் இறங்கினோம். எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்தவர். அரிவாளையெல்லாம் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"வெட்டினா நாலாத் துளிர்க்கும் தம்பி. பெரிய மரத்த டிபார்ட்மெண்ட் பாத்துக்கும். விரல் தண்டிக் கன்னுதான் ஒங்க வேலை. வேரோட வரணும், பாதியில அறுந்தா மறுபடி வரும்."

முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மண் இளகியிருந்தது, கன்றுகள் சுலபமாக வந்தன. நண்பகலுக்கு முன்பே அவர் நின்று, காற்றை முகர்ந்து, "போதும், எல்லாரும் ஜீப்புக்குப் போங்க" என்றார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. அவர் சொன்ன நொடியில் கிளம்பியதால்தான் இதை எழுதுகிறேன். காட்டுக்குள் சேவைக்குப் போகிறவர்கள் இப்படிப்பட்ட ஒருவர் இல்லாமல் போகவே கூடாது.

பெருமாள்மலை, பி.ஏ. தமிழ்:

நான் முகாமுக்குப் போனவள் இல்லை. எங்கள் ஊரிலேயே இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பதற்காக. பிளஸ் டூ முடித்திருந்தால் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தரலாம் என்று இருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள்.

வகுப்பு நேரம் மாலை ஐந்திலிருந்து ஏழு என்பது கீழ்நாட்டுக்குச் சரி. எங்கள் பக்கம் ஆறு மணிக்கே மூடுபனி இறங்கும், காட்டுமாடு பாதையில் வந்து நிற்கும். அதனால் பள்ளி விட்டதும் வகுப்பை ஆரம்பித்து, வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுவேன்.

பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவன் வருவான். யாரிடமும் பேசமாட்டான். வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துகொள்வான். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே தேனீ ஒன்றைப் பார்த்து, அது எந்தத் தேனீ, எங்கே கூடு கட்டும், எந்த மாதம் தேன் எடுக்கலாம் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தான். அவன் சொன்னதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி மறுநாள் அவன் கையில் கொடுத்தேன். தன் வாக்கியம் என்பதால் விரலை வைத்து வாசித்தான். அதற்குப் பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் இப்படித்தான். பூண்டு வயல், அப்பாவின் குதிரை, பாட்டி சொன்ன கதை எல்லாம் எங்களுக்குப் பாடம். இன்றைக்கு அவன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சிறுவனால் வந்தது.

எமரால்டு, இயற்பியல் முன்னாள் மாணவர்:

2019 ஆகஸ்ட் 8. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. நிவாரண முகாமில் துணி மூட்டைகளைப் பிரிக்கும் வேலை எங்களுக்கு. மலைக் குளிருக்கு ஆகாத மெல்லிய துணிதான் நிறைய. மக்கள் கேட்டது கம்பளி, பெண்களுக்கு நாப்கின், இன்னொன்று நாங்கள் நினைத்தே பார்க்காதது.

கேரட் வயல் முழுக்கப் போய்விட்ட ஒரு படகர் பெரியவர். "மகள் கோயமுத்தூர்ல இருக்கா. நம்பர் இதுக்குள்ளதான் இருக்கு" என்று அணைந்துபோன பட்டன் போனை நீட்டினார். ஊரில் கரண்ட் இல்லை. அன்றிலிருந்து எங்கள் குழு போன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஜெனரேட்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்தப் பெரியவருடைய போனிலிருந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலும் வைத்துவிட்டேன்.

மஞ்சூர், முதலாமாண்டு:

அடுத்த மாதம் எங்கள் முகாம் குந்தா பக்கம். மனு எழுதும் வேலை நாங்களும் செய்ய ஆசை. அக்கா, என்ன எடுத்துப்போக வேண்டும்?

குன்னூர், வணிகவியல் முன்னாள் மாணவி:

வெள்ளைத்தாள், கறுப்புப் பேனா, கைநாட்டுக்கு மைப்பெட்டி. போகும் முன்பே வி.ஏ.ஓ. எந்தக் கிழமை அந்த ஊருக்கு வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் காகிதத்தை வாங்கி வராதீர்கள், யார் கொடுத்தாலும் சரி. போனில் படம் எடுத்தால் நகல் போட்டதும் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள். ஆதார் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. ஓ.டி.பி. வந்தால் சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

எழுதி முடித்ததும் மனுவை உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயர், அப்பா பெயர் தவறு அப்போதுதான் வெளிப்படும். கொழுந்து மிகும் மாதம் என்றால் பகலில் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள். இலை எடை போட்டு ஆட்கள் திரும்பும் நேரம் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு போங்கள் தம்பி.