மே மாசம் மெடிடரேனியன் க்ரூஸ், அப்பா அம்மாவோட 5 பேர்: எந்த ரூட், எதை முதல்ல புக் பண்றது?

அடையாறு_ஆலமரம்:

வணக்கம். வர்ற மே 2-வது வாரம், பையனுக்கு லீவு இருக்கும்போதே 7 ராத்திரி மெடிடரேனியன் க்ரூஸ் போகலாம்னு இருக்கோம். நான், மனைவி, 10 வயசுப் பையன், அப்பா (68), அம்மா (64). அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு மாடி ஏறினா உட்கார்ந்துதான் எழுந்திருக்கணும். எல்லாரும் சைவம், முட்டையும் கிடையாது. ஒருத்தர் பாஸ்போர்ட்லயும் இதுவரை ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) இல்லை.

ரெண்டு ரூட் பார்த்து வச்சிருக்கோம்.

அ) ரோம் (சிவிட்டவெக்கியா) – லிவோர்னோ – மார்செய் – பார்சிலோனா – பால்மா – ஒரு நாள் முழுக்கக் கடல் – நேப்பிள்ஸ் – திரும்ப சிவிட்டவெக்கியா.

ஆ) வெனிஸ் (ராவென்னா) – கோட்டோர் – கோர்ஃபு – ஒரு நாள் கடல் – சான்டோரினி – குஷாடாசி – மிக்கோனோஸ் – ஏதென்ஸ்.

வீட்டில் எல்லாரும் சான்டோரினி படத்தைப் பார்த்துட்டு 'ஆ' பக்கம் சாயறாங்க. எது சரி? கப்பல், விசா, ஃப்ளைட் இதுல எதை முதல்ல பண்ணணும்? அஞ்சு பேருக்கும் ஒரே கேபின் கிடைக்குமா?

கலங்கரை:

'அ' எடுங்க. அம்மா முழங்காலுக்கும் அதுதான் நல்லது, விசாவுக்கும் அதுதான் சுலபம்.

'அ'வில் வர்ற மூணு நாடும் ஷெங்கன். ஒரு தடவை உள்ளே போனா ஊர் திரும்பும்போதுதான் வெளியே வர்றீங்க. 'ஆ'வில் கோட்டோர் மான்டிநீக்ரோ, குஷாடாசி துருக்கி. கோட்டோரில் கப்பல் நின்னதுமே ஷெங்கனை விட்டு வெளியேறின கணக்கு. கோர்ஃபுவில் மறுபடி நுழையணும். விசாவில் நுழைவு எண்ணிக்கை 1-ன்னு அச்சாகி வந்தா, கப்பல் ஏறும் இடத்திலேயே செக்-இன்ல நிறுத்திடுவாங்க. மல்டிபிள் என்ட்ரி கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனா முதல் தடவை விண்ணப்பிக்கிற அஞ்சு பேருக்கும் அதே மாதிரி வரும்னு நம்பிப் பணம் கட்டறது ரிஸ்க். துருக்கிக்குத் தனியா இ-விசா வேணுமான்னும் கப்பல் கம்பெனிகிட்ட கேட்கணும். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசா மாதிரி ஒண்ணு கையில இருந்தாத்தான் நமக்கு அது ஆன்லைன்ல கிடைக்கும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும்னா, அதிக நாள் எங்கேயோ அந்த நாடு. நாள் கணக்கு சமமா வந்தா முதல்ல கால் வைக்கிற நாடு. 'அ'வில் ரோம், லிவோர்னோ, நேப்பிள்ஸ்னு இத்தாலிதான் அதிகம், அதனால் சென்னை விஎஃப்எஸ் (விசா விண்ணப்பம் வாங்கற மையம்). பார்சிலோனாவில் முன்னாடி பின்னாடி தங்கி நாள் கூட்டினா ஸ்பெயினுக்கு மாறும், அதுக்கு விண்ணப்பம் வாங்கற மையம் பிஎல்எஸ். எந்த ஊர்ல சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதோ அங்கே போட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. விசா அதிகாரி கப்பலோட போர்ட் லிஸ்ட்டை எடுத்து வச்சு நாள் எண்ணுவார்.

இப்போ வரிசை. மே 10 கிளம்பற கப்பல்னு வச்சுக்கோங்க. முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி கம்பெனியைப் பொறுத்து 60 முதல் 90 நாள் முன்னாடி. 90 நாள்னா பிப்ரவரி 9. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அதாவது நவம்பர் 2-வது வாரத்திலிருந்து. முடிவு சாதாரணமா 15 நாள்ல வரும், இழுத்தா 45 நாள் வரைக்கும் போகலாம். அதனால டிசம்பருக்குள்ள கைரேகை கொடுத்தாச்சுன்னா, முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி விசா நிலவரம் தெரிஞ்சிடும். பெரும்பாலானவங்க மார்ச்ல விண்ணப்பிக்கிறாங்க. அப்போ பணம் மொத்தமும் போயிருக்கும், அப்பாயின்ட்மென்ட்டும் கிடைக்காது. சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ்ல விசா மறுப்புக்குப் பணம் வராது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆக முதல்ல கப்பலுக்கு முன்பணம் மட்டும் கட்டி, அஞ்சு பேர் பெயரும் போர்ட் லிஸ்ட்டும் இருக்கிற கன்ஃபர்மேஷன் வாங்குங்க. முன்பணம் திரும்பி வருமா வராதான்னு புக் பண்றதுக்கு முன்னாடி படிச்சுடுங்க. விலை குறைஞ்ச டிக்கெட்ல பெரும்பாலும் வராது. ஃப்ளைட்டுக்கு ரிசர்வேஷன் போதும், விசாவுக்காக டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் ஆளுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, பயண நாள் முழுக்க. அப்பாவுக்கு பிரீமியம் கூடும். பிபி, சுகர் இருந்தா மறைக்காம எழுதி வாங்குங்க, கப்பல் டாக்டர் பில் நிலத்து விலையில இருக்காது.

விசாக் கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, உங்க பையனுக்கு 45 (6 வயசு முடிஞ்சு 12 ஆகாதவங்களுக்கு). மேல சர்வீஸ் சார்ஜ். 12 வயசுக்குக் கீழே கைரேகை கிடையாது.

பாஸ்போர்ட்டையும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க: ஷெங்கனை விட்டு வெளியேறும் தேதிக்கு மேல 3 மாசம் உயிர் இருக்கணும், கொடுத்து 10 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். பையனோடது 5 வருஷ பாஸ்போர்ட், பெரும்பாலும் அதுதான் காலை வாரும்.

நங்கூரம்72:

முழங்கால் விஷயம். சான்டோரினியில் பெரிய கப்பல் கரையோட ஒட்டாது. நடுக்கடல்ல நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஏத்தி இறக்குவாங்க. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில ஒரு இடைவெளி இருக்கும், அலைக்கு ரெண்டும் வேற வேற தாளத்தில் ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்துக் காலை எடுத்து வைக்கணும். கரைக்குப் போனா மேலே ஃபிரா ஊருக்கு 588 படி, இல்லேன்னா கேபிள் கார். ஒரே நாள்ல மூணு கப்பல் வந்தா கேபிள் காருக்கு வெயில்ல மணிக்கணக்கில் நிக்கணும், இறங்கறதுக்கும் அதே கியூ. அம்மாவுக்கு இது சரிப்படாது.

இன்னொண்ணு, 'வெனிஸ்'னு போட்டிருக்கிற கப்பல் வெனிஸுக்கே போகாது. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் நடுவில இருக்கிற சான் மார்க்கோ சதுக்கம் முன்னாடி வரத் தடை. ராவென்னாவிலிருந்து வெனிஸ் சுமார் 145 கிலோமீட்டர், பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல. வெனிஸ் பார்க்கணும்னா முன்னாடியே போய்த் தனியா தங்கணும்.

'அ'விலும் இதே சூட்சுமம் உண்டு. போர்ட் பெயரைப் பார்க்காம விளம்பரத்தில போட்டிருக்கிற ஊரைப் பார்த்து ஏமாறாதீங்க.

லிவோர்னோவை ஃப்ளோரன்ஸ்னு விப்பாங்க. அது சரக்குத் துறைமுகம், உள்ளே நடக்க விடமாட்டாங்க. ஷட்டில் பஸ்ல ஊருக்குள்ள, அங்கிருந்து டாக்ஸியோ டவுன் பஸ்ஸோ பிடிச்சு ஸ்டேஷன், அப்புறம் ஒன்றேகால், ஒன்றரை மணி ரயில். ஒரு வழிக்கே ரெண்டேகால் மணி. பெரியவங்களோட போனா பீசா போதும், ரயில்ல 20 நிமிஷத்துக்குள்ள. சாய்ந்த கோபுரத்தில் 8 வயசுக்குக் கீழே ஏத்தமாட்டாங்க. உங்க பையன் ஏறலாம், அம்மா புல்வெளிப் பக்கம் உட்காரட்டும்.

மார்செய்ல கப்பல் நிக்கிற இடம் பழைய துறைமுகத்திலிருந்து வடக்கே தள்ளி இருக்கு, ஷட்டில் கட்டாயம். மலை மேல இருக்கிற நோத்ர் தாம் சர்ச்சுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து பொம்மை ரயில் மாதிரி ஒரு வண்டி மேலே வரைக்கும் போகும். அம்மாவுக்கு அதுதான் சரி.

பார்சிலோனாவில் சக்ராடா ஃபமிலியா சர்ச்சுக்கு நேரம் குறிச்ச டிக்கெட், ஆன்லைன்ல மட்டும்தான். கப்பல் வர்ற நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் தள்ளி எடுங்க. ரம்ப்லா தெருவில் பர்ஸை முன் பாக்கெட்ல வைங்க, ரங்கநாதன் தெரு தீபாவளிக் கூட்டம்னு நினைச்சுக்கோங்க. பால்மா சுலபம், கதீட்ரலுக்கு டாக்ஸி பிடிச்சு ஒரு சுத்து சுத்தினா போதும்.

நேப்பிள்ஸ்ல கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிக்கும். எரிமலையில புதைஞ்ச பழைய ஊரான பொம்பேய்க்கு கரிபால்டி ஸ்டேஷன்லேர்ந்து சிர்க்கும்வெசுவியானா ரயில், சுமார் 35 நிமிஷம், 'பொம்பேய் ஸ்காவி'ன்னு போட்ட ஸ்டேஷன்ல இறங்கணும். ரயில் நம்ம பீச்–தாம்பரம் லோக்கல் காலை நேரம் மாதிரி, உட்கார இடம் கிடைக்காது. உள்ளே தெரு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்ட எரிமலைக் கல், முழங்காலுக்கு எதிரி. ஆம்பிதியேட்டர் வாசல் பக்கம் சக்கர நாற்காலி போற அளவுக்குச் சமன் பண்ணின ஒரு பாதை இருக்கு, 'பொம்பேய் பெர் துத்தி'ன்னு கேளுங்க. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்ல பெயரும் அச்சாகும். அங்கே போய் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க.

இத்தாலியில் ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், பெயர் 'ஷோப்பெரோ'. தேதி முன்னாடியே அறிவிப்பாங்க. வாரநாள்ல காலை 6–9, மாலை 6–9 மட்டும் உத்தரவாத ரயில்கள். கப்பல் கிளம்பற நாள்ல இது விழுந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே ஒரு கார் நம்பர் வச்சுக்கோங்க. கப்பல் விக்கிற டூர்ல போனா லேட் ஆனாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமா போனா காத்திருக்காது. தூரமான ஊர்ல கப்பல் டூர், பக்கத்து ஊர்ல சொந்த ஏற்பாடு. 'ஆல் அபோர்ட்' (எல்லாரும் கப்பல்ல ஏறியிருக்க வேண்டிய) நேரத்துக்கு ரெண்டு மணி முன்னாடி துறைமுக வாசல்ல இருக்கணும்னு கணக்குப் போடுங்க.

சாம்பார்சாதம்:

புக் பண்ணின உடனே சாப்பாட்டு விருப்பத்தை எழுத்துல போடுங்க: 'இந்தியன் வெஜிடேரியன், முட்டை இல்லை'. வெறும் 'வெஜிடேரியன்'னு போட்டா மூணு நாளைக்கு வேகவச்ச புரோக்கோலி வரும். ஏறின முதல் ராத்திரி டைனிங் ஹால்ல ஹெட் வெயிட்டரைப் பார்த்துப் பேசிடுங்க. பெரும்பாலான கப்பல்ல மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே கொண்டுவந்து காட்டுவாங்க, அதுல குறிச்சுக் கொடுத்தா தனியா சமைப்பாங்க. கவனிக்க வேண்டியது சூப்பும் ரிசோட்டோவும் (இத்தாலிய அரிசிச் சாப்பாடு): காய்கறிதான்னு சொன்னாலும் அடியில சிக்கன் ஸ்டாக் இருக்கலாம். பர்மிசான் சீஸ் கன்றுக்குட்டி வயித்திலிருந்து எடுக்கிற ரென்னட்ல செய்யறது, ரொம்ப ஆசாரம் பார்க்கிறவங்க தவிர்க்கணும்.

ஊர்லேர்ந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் கொண்டு போகலாம். நெய், பால்கோவா, பனீர் ஐரோப்பிய எல்லையில் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாம உள்ளே விடமாட்டாங்க. கெட்டில், அயர்ன் பாக்ஸ், கரன்ட் குக்கர் கப்பல்ல ஏத்தவே மாட்டாங்க, ஸ்கேன்ல எடுத்து வச்சுட்டுக் கடைசி நாள் கொடுப்பாங்க. சுடுதண்ணி பஃபேவில் இருக்கும், ஃப்ளாஸ்க் எடுத்துப் போங்க. சில கப்பல்ல ராத்திரி மேசைக்கு வர்ற தண்ணி பாட்டிலுக்கே காசு.

டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தானா பில்ல ஏறும். கேபின் விலையோட இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க. கப்பல் செலவு அக்கவுன்ட்டுக்கு கிரெடிட் கார்டு கொடுங்க. ஃபாரெக்ஸ் கார்டு கொடுத்தா டெபாசிட்டா ஒரு தொகையைப் பிடிச்சு வச்சுடுவாங்க, இறங்கின பிறகும் நாள் கணக்கில் திரும்பாது.

அடையாறு_ஆலமரம்:

ரொம்ப நன்றி சார், 'அ'தான்னு முடிவு பண்ணிட்டோம். சான்டோரினியை வீட்டில் விளக்கிச் சொல்லிக்கிறேன். ரெண்டு சந்தேகம். அப்பா பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, கிவன் நேம்ல மட்டும் பெயர். கப்பல் வெப்சைட் சர்நேம் இல்லாம விடமாட்டேங்குது. அப்புறம் கேபின், ஃப்ளைட்?

கலங்கரை:

நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இந்தப் பிரச்னை. கம்பெனிக்குக் கம்பெனி வழி வேற: சிலது அதே பெயரை ரெண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சிலது 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாதுன்னு அர்த்தம்)ன்னு போடும். நீங்களா இனிஷியலை விரிச்சுத் தாத்தா பெயரைப் போட்டுடாதீங்க. கம்பெனிக்கு மெயில் போட்டு, வர்ற பதிலை பிரின்ட் எடுத்து விசா பேப்பரோட வைங்க. வழியில துபாயில் ரெண்டு நாள் தங்கலாம்னு நினைச்சா நிறுத்துங்க. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே டூரிஸ்ட் விசாவில் 2022 நவம்பரிலிருந்து சிக்கல் இருக்கு. ஏர்போர்ட்டுக்குள்ளேயே விமானம் மாறினா தொந்தரவு இல்லை.

சென்னையிலிருந்து ரோமுக்கு நேரா ஃப்ளைட் கிடையாது. வளைகுடா வழியா போனா இமிக்ரேஷன் ரோம்ல, ஃபிராங்க்ஃபர்ட் வழியா போனா ஃபிராங்க்ஃபர்ட்லயே. அங்கே இப்போ புது என்ட்ரி-எக்ஸிட் முறையில முதல் தடவை போறவங்களுக்கு முகப்படம் எடுப்பாங்க, மாறுற நேரம் மூணு மணியாவது இருக்கட்டும். எப்படிப் போனாலும் கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாளே ரோம்ல இறங்கிடுங்க. திரும்பும்போது காலை 7–9க்குள் இறக்கிவிடுவாங்க. ஃபியூமிசினோ ஏர்போர்ட் ரோட்டில் ஒரு மணி நேரம். மதியம் 2-க்கு முன்னாடி ஃப்ளைட் போடாதீங்க. முந்தின ராத்திரி பெட்டியை வெளியே வைக்கச் சொல்வாங்க, அப்பா மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் உடுப்பு கைப்பையில இருக்கணும்.

நங்கூரம்72:

கேபின்: அஞ்சு பேருக்கு ஒண்ணு பெரும்பாலும் கிடைக்காது, சாதாரண கேபின்ல 4 பேர்தான் உச்சம், அதுலயும் ரெண்டு படுக்கை மேல இருந்து இறங்கும். நடுவுல கதவு இருக்கிற ரெண்டு கேபின் கேளுங்க. கப்பலோட நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. மார்செய்–பார்சிலோனா நடுவுல மிஸ்ட்ரால் காத்து அடிச்சா இதோட அருமை தெரியும். 'கேரன்டி' டிக்கெட் விலை குறைவுதான், ஆனா கேபினை அவங்க இஷ்டத்துக்கு ஒதுக்குவாங்க, லிஃப்ட்டுக்கு 100 மீட்டர் தள்ளி விழலாம். அம்மாவுக்காக லிஃப்ட் பக்கத்து நம்பரா பார்த்து எடுங்க. பாத்ரூம் வாசல்ல தண்ணி வெளியே வராம இருக்க கொஞ்சம் உயரமா ஒரு படி இருக்கும், ராத்திரி அதுலதான் தடுக்கும். பிளக்ல சொருகற சின்ன நைட் லைட் ஒண்ணு வாங்கிப் போங்க. நம்ம மெல்லிசு ரெண்டு பின் சார்ஜர் அங்கே நேரா சேரும், மூணு பின்னுக்குத்தான் அடாப்டர். கப்பல் கிளம்பினதும் போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாத்திடுங்க, இல்லேன்னா நடுக்கடல் நெட்வொர்க்கைத் தானா பிடிச்சுக்கும், ரோமிங் பேக் அதுக்குச் செல்லாது.