குறைமாதக் குழந்தையைத் தந்தை மார்போடு அணைத்து வைத்திருக்கலாமா?

கேள்வி – புதுத் தந்தை

எங்கள் மகள் 32ஆவது வாரத்திலேயே, 1.6 கிலோ எடையுடன் பிறந்துவிட்டாள். மனைவிக்குச் சிசேரியன் நடந்திருப்பதால், அவள் ஓய்வெடுக்கும் நேரத்தில் குழந்தையை என் வெற்று மார்போடு அணைத்து வைத்திருக்கும்படி செவிலியர் சொல்கிறார். இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்தால் குளிரும் கிருமியும் தாக்கிவிடும் என்று அத்தை அஞ்சுகிறார். எதைக் கேட்பது?

பதில் – பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலி

தம்பி, அத்தையின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் குழந்தையை இப்படி வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு பிறந்ததே அந்த அச்சத்திலிருந்துதான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல், ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவிக்கொண்டிருந்தபோது, எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே வைத்துக் காக்கும் முறையைத் தொடங்கினார். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளுக்குப் பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாள்களில் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. பெற்ற வயிறுகளுக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு!

குளித்து, நகம் வெட்டி, முன்பக்கம் திறக்கும் சட்டை அணிந்து சாய்ந்து உட்காருங்கள். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போதும். நெஞ்சின் நடுவே நிமிர்ந்த வாக்கில் வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கழுத்து முன்னால் மடங்கி மூச்சு அடைபடாதபடி தாடையைச் சற்றே உயர்த்தி, கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கத் துணியால் கட்டுங்கள். ஒருமுறை எடுத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் – இரட்டையரின் அம்மா

அண்ணா, என் இரு பிள்ளைகளும் குறைமாதம்தான். ஒருவனை நான் வைத்திருக்க, மற்றவனை அவர்கள் அப்பா வைத்திருப்பார். பழைய பருத்தி வேட்டிதான் கட்டுவதற்கு இதமாக இருந்தது. அணைத்து வைத்திருந்த பிறகு எனக்குப் பால் நன்றாகச் சுரந்தது. அத்தையையும் ஒருமுறை அருகில் உட்காரவைத்துக் காட்டுங்கள். மார்பில் கிடக்கும் பிள்ளையின் மூச்சு சீராவதைப் பார்த்தால் அவரே நம்புவார்.

கேள்வி – புதுத் தந்தை

மிக்க நன்றி, அக்கா. மூக்கில் பால் குழாய் இருக்கிறதே, அப்போதும் வைத்திருக்கலாமா?

பதில் – பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலி

தாராளமாக வைத்திருக்கலாம், முதல் முறை குழாயைச் செவிலியரே சரிசெய்து குழந்தையை உங்கள் மார்பில் வைப்பார். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே குரல் கொடுங்கள்.