நிலவறைச் சுவர்: 'பலிப்பூச்சு' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

கொத்துவேலைப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. பழைய செங்கல் நிலவறையில் உப்புப் பூத்துப் பொரிந்த பூச்சை, ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்) ஏறிய கோட்டுக்கு மேலே அரை மீட்டர் வரை கொத்தி எடுக்கிறோம். செங்கல் இடுக்குகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுகிறோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து செங்கல்லுக்குள்ளேயே திரும்பிவிடும். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் கலந்து தற்காலிகமாக ஒரு பூச்சு. சுவரில் மிச்சமிருக்கும் உப்பை இழுத்துக்கொண்டு அது பொரியும். சில மாதம் கழித்து வெட்டி எறிந்துவிட்டு நிலையான பூச்சு. அந்தத் தற்காலிகப் பூச்சைத்தான் வரைவில் 'பலிப்பூச்சு' என்று எழுதியிருக்கிறேன்.

— கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'பலி' என்பது 'sacrificial' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. 'கழிபூச்சு' என்போம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. உப்பங்கழியின் கழியும் உள்ளே நிற்கிறது. நெய்தல் நிலத்துச் சொல் உப்புக்கு வந்து சேர்வதைவிடப் பொருத்தம் உண்டா?

— தமிழாசிரியர்

'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்கிறது நன்னூல். கழிபேருவகை தெரிந்தவர் 'மிகுதியான பூச்சு' என்று கொள்வார். கொத்தனார் காதில் 'கழிவு' என்று விழும். சுமைதாங்கி, இடிதாங்கி வழியில் 'உப்புவாங்கி' போதும். கரணை பிடிப்பவருக்கு விளக்கமே வேண்டாம். 'வாங்கு' என்பதற்கு 'இழு' என்ற பழம்பொருளும் உண்டு.

— கட்டடப் பொறியாளர்

வாங்கும், சரி. வாங்கியதை அகற்ற வேண்டும் என்று அந்தச் சொல் எங்கே சொல்கிறது? அப்படியே விட்டு மேலே எமல்ஷன் அடிப்பார்கள். ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு வண்ணத்துக்குப் பின்னால் படிகமாகி ஏடு ஏடாகத் தள்ளும். சிமென்ட் பூசினால் ஓதம் இன்னும் மேலே ஏறும்.

— தமிழாசிரியர்

சொல் எதுவானாலும், வெளிமண்ணிலிருந்து நீர் அழுத்தும் சுவரில் எந்தப் பூச்சும் நிற்காது. முதலில் வெளியே வடிகால். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

— மரபுக் கட்டடப் பணியாளர்

பலர் 'உப்புவாங்கி' பக்கம். அதையே வைக்கிறேன், 'அகற்றிய பின்பே நிலையான பூச்சு' என்ற குறிப்போடு.

— கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

சொல்லிலேயே இருக்க வேண்டியதைக் குறிப்பில் ஒட்டினால் யார் படிப்பார்? என் வாக்கு கழிபூச்சுக்கே. வெட்டிய தூளைச் சுவரடியில் விடக்கூடாது என்பதையும் சேருங்கள். ஈரம் பட்டால் உப்பு திரும்ப ஏறும்.

— தமிழாசிரியர்