டிராஞ்ச்: தவணையா, மடையா?

அண்ணாச்சி, வணக்கம்.

நம் நிதிக் கலைச்சொல் பட்டியலில் டிராஞ்சுக்கு (tranche, கடனையோ பத்திரத்தையோ பிரித்த ஒரு பகுதி) 'தவணை' என்று போட்டிருக்கிறீர்கள். பன்னாட்டு நிதியம் ஒரு நாட்டுக்குக் கடனைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கும்போது அது சரி. பல கடன்களை ஒன்றாகக் கட்டி விற்கும் சிடிஓ (CDO) மாதிரியான கடன்கட்டுப் பத்திரங்களுக்கு ஒத்துவராது. அங்கே பிரிப்பது காலத்தை இல்லை. நட்டம் யார் தலையில் முதலில் விழும் என்ற வரிசையை.

'மடை' என்று வைக்கலாம். ஆயிரக்கணக்கான வீட்டுக்கடன்களில் வசூலாகும் பணம் ஒரே வாய்க்காலில் வருகிறது. தலைமடைக்கு முதலில் பாயும். அது நிறைந்தபிறகுதான் அடுத்தது. வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. அதனால் அதற்கு வட்டி அதிகம். கோடகன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதுவரை நியாயமான வியாபாரம்தான்.

2008-க்கு முன் என்ன செய்தார்கள்? பல வாய்க்கால்களின் கீழ்மடைகளைத் திரட்டிப் புது வாய்க்கால் என்றார்கள். அதிலும் ஒரு தலைமடை பிரித்து, 'ஏஏஏ' என்ற மிக உயர்ந்த தரம் வாங்கி விற்றார்கள். ஆறே வற்றினால் எல்லாக் கீழ்மடையும் சேர்ந்தே காயும் என்பதைத் தரமதிப்பு நிறுவனங்கள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 'தவணை' என்று எழுதினால் இந்தத் தந்திரம் படிப்பவர் கண்ணிலேயே படாது.

தம்பி,

மடை நன்றாக இருக்கிறது. ஆனால் கடைமடை விவசாயி விரும்பியா அங்கே நிலம் வைத்திருக்கிறார்? இங்கே கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, தெரிந்தே வாங்குகிறார்கள். அவர்களுக்கும் நம் பரிதாபத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது இந்தச் சொல். அப்புறம் அமெரிக்க வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் விற்ற 'அபாகஸ்' என்ற சிடிஓவில் கடனே கிடையாதே, எங்கே மடை?

அண்ணாச்சி,

தெரிந்து வாங்கினால் பரிதாபம் வேண்டாம்தான். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி 8,415 கோடி ரூபாய் ஏடி1 பத்திரங்களை (வங்கி நெருக்கடியில் சிக்கினால் போட்ட பணமே போய்விடக்கூடியவை) ஒன்றுமில்லை என்று எழுதித் தள்ளியது. 'சூப்பர் எஃப்டி' (நிரந்தர வைப்பைவிட மேலானது) என்று சொல்லிச் சாதாரண வாடிக்கையாளர்களிடம் அவற்றைத் தள்ளிவிட்டதாக 2021-இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அபராதம் போட்டது. பங்குதாரர்தான் கடைமடை என்று நினைத்திருந்தார்கள். பங்குகள் பிழைத்தன, பத்திரக்காரர்கள் காய்ந்தார்கள். (வழக்கு தனிக் கதை.) 'இது எந்த மடை?' என்று வங்கியில் கேட்க ஒரு சொல்லாவது வாங்குபவரிடம் இருக்கட்டும்.

அபாகஸ், அடுத்தவர் வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று கரையில் நின்று கட்டிய பந்தயம். வராது என்று பணம் கட்டிய பால்சன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கே எந்த வாய்க்கால்கள் என்று தேர்ந்தெடுப்பதில் பங்கு இருந்தது. வாங்கியவர்களிடம் அதைச் சொல்லவில்லை. 2010 ஜூலையில் கோல்ட்மேன் 55 கோடி டாலர் கட்டி, அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. இந்த வகையை ஆங்கிலத்தில் 'சிந்தெட்டிக்' என்பார்கள்; அதைச் 'செயற்கை' என்று மொழிபெயர்ப்பது ரொம்பச் சாது. 'பந்தய மடை' என்று போடலாமா?

தம்பி,

மடை, தலைமடை, கடைமடை மூன்றையும் ஏற்றிவிடுகிறேன். நடுவில் வரும் மெசனின் பகுதிக்கு இடைமடை போதும். பந்தயம் மட்டும் வேண்டாம். வேறொன்றின் மதிப்பைச் சார்ந்து போடும் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் பந்தயம் ஆகாது என்று 2008-இல் ராஜஸ்ரீ சுகர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது சரியா என்பது வேறு. கலைச்சொல்லுக்குள் தீர்ப்பை ஒளித்து வைப்பது நம் வேலை இல்லை. வங்கியாக இல்லாமலே வங்கி வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு 'நிழல் வங்கி' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அந்த வழியில் 'நிழல் மடை' என்று எழுதுகிறேன். ஆட்சேபம் இருந்தால் எல்லோரும் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.